தன்னுடலே ஆய்வுக்கூடம்

அறிவியலுக்காகப் பொருள் தந்தோர் பலர். காலம் தந்தோர் அவரினும் பலர். தம் உடலையே தந்தோர் மிகச் சிலர். அச்சிலருள் ஒருவர் ஜே. பி. எஸ். ஹால்டேன். விலங்கியல் மாணவர்கள் அவரை மரபியல் மேதையாக அறிவர். இயற்பியல் பயிலும் நான் அவரைக் கண்டுகொண்டது பாயில் விதியின் வழியே.

1892ஆம் ஆண்டு நவம்பர் 5ஆம் நாள் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு நகரில் ஹால்டேன் பிறந்தார். தந்தையார் ஜான் ஸ்காட் ஹால்டேன் மூச்சைப் பற்றி ஆராய்ந்த உடலியல் அறிஞர். சுரங்கத்து நச்சுக் காற்றைத் தாமே சுவாசித்துப் பார்த்துக் குறிப்பெடுத்தவர். சிறுவனான மகனையும் சுரங்கத்துக்குள் அழைத்துச் சென்றவர். தந்தையின் ஆய்வுக்கூடமே மகனுக்குத் தொட்டிலாயிற்று எனலாம்.

1906இல் ஆங்கிலேயக் கடற்படைக்காக ஸ்காட்லாந்துக் கடலில் தந்தையார் ஆழ்கடல் சோதனைகள் நடத்தினார். அப்போது 13 வயதுப் பாலகனான ஹால்டேனும் முக்குளிப்பு உடை அணிந்து கடலில் இறங்கினார். செம்புத் தலைக்கவசம், ரப்பர் பூசிய துணி உடை, மார்பிலும் காலணியிலும் ஈயக் கட்டிகள், மேலே படகிலிருந்து காற்றனுப்பும் பம்பு: இவையே அந்நாளைய கருவிகள்.

இவ்வுடையில் ஒரு நுட்பம் உண்டு. நம் ஊருணியில் நீந்துவோர் அறிவர்: மூச்சை இழுத்துப் பிடித்தால் உடல் மிதக்கும், விட்டால் அமிழும். மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தோர் கல்லைத் துணைக்கொண்டு விரைந்து இறங்கியதும் இம்மிதப்பை வெல்லத்தான். முக்குளிப்பு உடையோ தன்னுள் காற்றைச் சுமக்கிறது. கடலில் 10 மீட்டர் இறங்கினால் அழுத்தம் இரு மடங்காகிறது. உடைக்குள் இருக்கும் காற்று பாதியாகச் சுருங்குகிறது. மிதப்பு குறைந்து ஆள் மேலும் விரைவாக அமிழ்கிறார். ஆகவே காற்றைக் கூட்ட வேண்டும். மேலேறும்போது அக்காற்று விரிகிறது. வால்வு வழியே வெளியேற்றாவிடில் உடை ஊதிப் பெருத்து, ஆளைப் பந்துபோல் மேற்பரப்புக்குத் தூக்கி எறிந்துவிடும். காற்று கால் பக்கம் திரண்டால் தலைகீழாகவே தூக்கிவிடும். இன்று ட்ரை சூட் அணிந்து குளிர்கடலில் இறங்குவோரும் இதே கணக்கைத்தான் நொடிக்கு நொடி போடுகின்றனர்.

பாலகன் ஹால்டேனுக்கு அன்று வேறொரு சோதனையும் சேர்ந்தது. பெரியவர்களுக்குத் தைத்த உடை, அவருடைய மெல்லிய மணிக்கட்டில் பொருந்தவில்லை. அவ்வழியே நீர் கசிந்தது. புகுந்த நீர் காற்றின் இடத்தைப் பறிக்கும், மிதப்பும் குறையும். மேலே தூக்கியபோது குளிர்ந்த நீர் அவர் மார்புவரை ஏறியிருந்தது. ஆயினும் அவர் ஆழத்தைக் கண்டு அஞ்சி ஒதுங்கவில்லை.

வேகமாக மேலேறுவதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. அழுத்தத்தில் இரத்தத்திலும் திசுக்களிலும் கரைந்த நைட்ரஜன், சோடா புட்டியைத் திறந்தாற்போல் குமிழியாகி மூட்டுகளையும் நரம்புகளையும் தாக்கும். இதைத் தடுக்க, ஆங்காங்கே நின்று நின்று மேலேறும் முறையைத் தந்தையார் தம் துணைவர் இருவருடன் 1908இல் வெளியிட்டார். ஆடுகளை வைத்துக் கண்டறிந்த அந்த அட்டவணை எண்ணற்றோர் உயிரைக் காத்தது.

மகன் ஆடுகளைத் தேடவில்லை, தம்மையே வைத்துக்கொண்டார். 1939 ஜூன் 1ஆம் நாள் தீட்டிஸ் என்னும் நீர்மூழ்கிக் கப்பல் லிவர்பூல் விரிகுடாவில் மூழ்கி 99 பேர் மாண்டனர். இறந்தோரில் தொழிலாளரும் பலர். தொழிற்சங்கங்களின் வேண்டுகோளை ஏற்று, ஹால்டேன் மூடிய இரும்பறைக்குள் மணிக்கணக்காக அமர்ந்து, கரியமில வாயு மிகும்போது மனிதன் எப்படித் தடுமாறுகிறான் என்று தம் மீதே கண்டார். போர்க்காலத்தில் உயர் அழுத்தத்தில் ஆக்சிஜனைச் சுவாசித்தபோது வலிப்பு வந்து முதுகெலும்பு நசுங்கியது. செவிப்பறையும் கிழிந்தது. உயிர்க்காற்று என நாம் போற்றும் ஆக்சிஜனே ஆழத்தில் நஞ்சாகும் என்பதை அவரும் துணைவர்களும் உடலால் அறிந்து உலகுக்குச் சொன்னார்கள்.

குறையற்ற மனிதர் அல்லர் அவர். பொதுவுடைமைக் கட்சியின் மீது கொண்ட பற்றினால், மரபியலை மறுத்த லைசென்கோவைக் கண்டிக்க நெடுநாள் தயங்கினார். இதையும் மறைக்காமல் சொல்வதே அவருக்குச் செய்யும் மரியாதை.

1957இல் அவர் இந்தியா வந்தார். கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்திலும், பின்னர் புவனேசுவரத்திலும் பணியாற்றினார். இந்தியக் குடிமகனாகி, நம் நாட்டு உடையணிந்து, புலால் மறுத்து வாழ்ந்தார். 1964 டிசம்பர் 1ஆம் நாள் புற்றுநோயால் மறைந்தார். அவர் விருப்பப்படி உடல் காக்கிநாடா ரங்கராயா மருத்துவக் கல்லூரிக்கு அளிக்கப்பட்டது. உயிரோடிருந்தபோது ஆய்வுப் பொருளாயிருந்த உடல், இறந்தபின் பாடப் பொருளாயிற்று!

நண்பர்களே, ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். உலகம் போற்றிய இவ்வறிவியலாளர் அறிவியலில் பட்டம் பெற்றவர் அல்லர். ஆக்ஸ்ஃபோர்டில் கணிதமும், பின்னர் கிரேக்க, இலத்தீன் இலக்கியமும் தத்துவமும் பயின்றவர். எங்கள் வீட்டில் பட்டம் பெறப்போகும் முதல் ஆள் நான். பட்டத்தின் அருமை எனக்குத் தெரியும். ஆனால் பட்டம் கதவைத்தான் திறக்கும். உள்ளே இறங்கி ஆழம் காண்பது நம் பொறுப்பு. தேர்வுத்தாளில் பாயில் விதியை எழுதி ஐந்து மதிப்பெண் பெறுகிறோம். அவ்விதியை நம்பி ஒரு பாலகன் கடலில் இறங்கினான் என்பதையும் நினைவில் கொள்வோமாக!