கரிப் புகைக்கு இரையான சமையல் மன்னர்

பாரீஸ், பிரெஞ்சுப் புரட்சி காலம். பிள்ளைகள் நிறைந்த ஏழைக் குடும்பம். சோறு போட வழியில்லாத அப்பா, ஒரு மகனை நகர வாசலில் விட்டு விட்டுப் போய்விட்டார்.

நடுத்தெருவில் நின்ற அந்தச் சிறுவன்தான், மன்னர்களுக்கே சமைத்துப் போட்ட அந்தோனின் கரேம்!

முதலில் சாப்பாட்டுக் கடையில் எடுபிடி. அப்புறம் கேக் கடை. பிறகு மந்திரி தாலிராந் வீட்டுச் சமையல்கட்டு. 1816-ல் இங்கிலாந்து இளவரசருக்கே தலைமைச் சமையல்காரர்!

இவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது 'சாஸ்'. சுட்ட இறைச்சி, மீன் மேல் ஊற்றும் கெட்டிக் குழம்பு. எலும்பும் கறியும் வேக வைத்து வடித்த சாறு. அதில் வெண்ணெயில் வறுத்த மாவு. மணிக்கணக்கில் சுண்டக் காய்ச்ச வேண்டும். மிதக்கும் நுரையை எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். உப்பை முதலிலேயே அள்ளிப் போட்டால் போச்சு, சுண்டியதும் வாயில் வைக்க முடியாது. எத்தனையோ சாஸ்களை 4 தாய் சாஸ்களுக்குள் அடக்கிக் காட்டினார் கரேம்.

அத்தனையும் கரி அடுப்பில். பலகாரம் ஆறிவிடும் என்று ஜன்னலையும் சாத்தி விடுவார்கள். அந்தப் புகைக்குள் வருஷக்கணக்கில் நின்றார் மனுஷர். அதுதான் உயிரைக் குடித்தது என்கிறார்கள்.

1833 ஜனவரி 12-ந் தேதி பாரீசில் இறந்தார். வயது 50 கூட ஆகவில்லை. எழுதிக்கொண்டிருந்த சமையல் புத்தகம் பாதியில் நின்றது. மீதிப் பாகங்களை இன்னொரு சமையல்காரர் எழுதி முடித்தார்.