நூறு கவனம் கொண்ட பாவலர்

ஒரே நேரத்தில் எத்தனை காரியங்களை உங்களால் கவனிக்க முடியும்? எட்டு என்றால் அட்டாவதானி, பத்து என்றால் தசாவதானி. நூறையும் சபையில் செய்து காட்டியவர் சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர்.

1874-இல் நாகர்கோவிலை ஒட்டிய இடலாக்குடியில் பிறந்தார். அப்போது அது திருவிதாங்கூர் சமஸ்தானம்; பள்ளியில் படித்தது மலையாளம். தமிழைச் சங்கரநாராயண அண்ணாவியிடம் தனியாகக் கற்றார். பிறகு சென்னையில் அச்சகப் பதிப்பு வேலை. சீறாப்புராணத்துக்கு உரையும் எழுதினார். வள்ளலார் பாடியது அருட்பாவா மருட்பாவா என்ற சண்டையில், முஸ்லிமான இவர் அருட்பாவுக்காக மேடை ஏறினார். எனக்கு இவரிடம் மிகவும் பிடித்தது அதுதான்.

1907 மார்ச் 10 அன்று சென்னை விக்டோரியா ஹாலில் சதாவதானம் நடந்தது. அவதானம் என்றால் சுற்றிலும் ஆட்கள் இருப்பார்கள். ஒருவர் வெண்பாவுக்கு ஈற்றடி தருவார், ஒருவர் கணக்குப் போடுவார், ஒருவர் முதுகில் பூவோ நெல்லோ எறிவார், ஒருவர் மணி அடிப்பார். எல்லாவற்றுக்கும் கடைசியில் பதில் சொல்ல வேண்டும். ஒரு சபையில் இவரைச் சீண்ட, துருக்கனுக்கு ராமன் துணை என்று வெண்பாவை முடிக்கச் சொன்னார்களாம். முந்தைய அடியில் பரதனையும் லட்சுமணனையும் வைத்து, சத் என்று நிறுத்தினார். துருக்கன் சத்துருக்கன் ஆகிவிட்டான்!

நூறையும் ஒரே நொடியில் கவனித்தாரா? இல்லை என்றே நினைக்கிறேன். 1953-இல் வெளியான ஆய்வில் கோலின் செரி என்பவர், ஹெட்போன் வழியாக இரண்டு காதுகளுக்கும் வெவ்வேறு பேச்சைக் கொடுத்துப் பார்த்தார். ஒன்றைக் கவனித்தவர்களுக்கு மற்றதில் என்ன பேசினார்கள் என்றே தெரியவில்லை. கேம்பிரிட்ஜில் டொனால்ட் பிராட்பென்ட் 1958-இல் எழுதிய நூலில், கவனம் என்பது குறுகலான ஒற்றைப் பாதை என்றார். கேஷ் கவுன்டரில் இருந்தவர்களுக்கு இதற்கு ஆராய்ச்சியே தேவையில்லை. நோட்டு எண்ணும்போது யாராவது பேச்சுக் கொடுத்தால் போதும்.

பாவலர் ஒவ்வொன்றாகத் தொட்டு, விட்ட இடத்தை மறக்காமல் திரும்பி வந்தார். அது நினைவாற்றலும் பல வருடப் பயிற்சியும். சபையில் கேட்பவர் காத்திருப்பார். போடிமெட்டு மலைப்பாதையில் 17 கொண்டை ஊசி வளைவுகள், அவை காத்திருக்காது. அங்கே ஒரு கையில் போனும் மறு கையில் ஸ்டீயரிங்குமாக நம் ஆட்களே போகிறார்கள். நான் ஜீப்பில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

பாவலர் காங்கிரஸ் மேடைகளில் பேசினார், கதர் உடுத்தினார். 1950 பிப்ரவரி 13-இல் காலமானார். இடலாக்குடி அரசு மேல்நிலைப் பள்ளிக்கு இன்று அவர் பெயர்தான்.