போட்டியில் வளர்ந்த கொல்லர் மகன் ஹோண்டா

சித்தூரிலும் திருப்பதியிலும் மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் நாலு பேர் டீக்கடையில் ஒன்றுசேர்ந்தால், எந்தக் கம்பெனி வண்டி உசத்தி என்ற பேச்சு வராமல் போகாது. டீ ஆறிப்போகும். பேச்சு ஆறாது.

ஒரு காலத்தில் புல்லட் கட்சி, ஜாவா கட்சி என்று இரண்டு பெரிய கட்சிகள் இருந்தன. புல்லட் சென்னை திருவொற்றியூர் வண்டி. ஜாவா மைசூர் வண்டி. கிழக்கே சென்னைக்கும் மேற்கே மைசூருக்கும் நடுவில் இருக்கும் சித்தூருக்கு இரண்டுமே பக்கத்து ஊர்ச் சரக்குதான்.

1984-ம் ஆண்டு ஓசூரில் இருந்து இந்த்-சுசூகி வந்தது. 1985-ல் ஹீரோ ஹோண்டாவும், யமஹா ஆர்.எக்ஸ். 100-ம் வந்தன. கட்சிகள் பெருகின. பெட்ரோல் சிக்கனம் வேண்டும் என்ற குமாஸ்தாக்கள் ஹோண்டா பக்கம் நின்றார்கள். வேகம் வேண்டும் என்ற வாலிபர்கள் யமஹா பக்கம் போனார்கள். ஒருவர் வண்டியை மற்றவர் கேலி செய்வது வாடிக்கையாயிற்று.

இப்படி வாதம் செய்கிறவர்களில் பலர் அறியாத செய்தி ஒன்று உண்டு. ஹோண்டா, யமஹா, சுசூகி என்ற மூன்று பெயர்களும் ஜப்பானில் ஒரே ஊரில் தோன்றியவை. அந்த ஊரின் பெயர் ஹமமட்சு. சுசூகி என்பவர் அங்கே 1909-ல் தறி செய்யும் தொழிற்சாலை தொடங்கியவர். யமஹா என்பவர் 1887-ல் அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்து ஆர்மோனியப் பெட்டியைப் பழுது பார்த்து, பிறகு இசைக்கருவிக் கம்பெனி தொடங்கியவர். யமஹா வண்டிச் சின்னத்தில் மூன்று இசைக்கவைகள் இருப்பது இதனால்தான்.

மூன்றாவது ஆள், சோய்சிரோ ஹோண்டா. மூவரிலும் மோட்டார் சைக்கிளுக்காகவே வாழ்ந்தவர் இவர்தான்.

கொல்லுப்பட்டறை

ஹமமட்சுவுக்கு அருகில் கோமியோ என்ற கிராமத்தில் 1906-ம் ஆண்டு நவம்பர் 17-ந்தேதி ஹோண்டா பிறந்தார். தந்தை கிஹேய், கொல்லுத் தொழில் செய்தவர். பிறகு சைக்கிள் பழுது பார்க்கும் கடையும் வைத்தார். தாயார் மிக்கா தறி நெய்தவர்.

சிறுவனுக்குப் படிப்பில் நாட்டம் இல்லை. பட்டறையில்தான் நாட்டம். ஒருநாள் கிராமத்துக்கு முதன்முதலாக ஒரு மோட்டார் கார் வந்தது. அதன் பின்னாலேயே ஓடினான். கார் நின்ற இடத்தில் சொட்டியிருந்த எண்ணெயைக் கையில் தொட்டு முகர்ந்து பார்த்தான். அந்த வாசனை அவனைக் கடைசிவரை விடவில்லை.

பள்ளி ரிப்போர்ட்டில் பெற்றோரின் முத்திரை குத்தி வரவேண்டும் என்பது அங்கே வழக்கம். மார்க் குறைந்தபோது சிறுவன் ரப்பரில் தானே ஒரு முத்திரை செதுக்கிக் குத்திவிட்டான். குட்டு வெளிப்படவில்லை. மற்ற பையன்களுக்கும் செதுக்கிக் கொடுத்தபோதுதான் அகப்பட்டான். முத்திரையில் எழுத்தை இடவலம் மாற்றிச் செதுக்க வேண்டும் என்பது அவனுக்குத் தெரியாது. ஹோண்டா என்ற ஜப்பானிய எழுத்துகள் எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரி இருக்கும். அதனால்தான் முதலில் தப்பினான்!

எடுபிடிப் பையன்

15-வது வயதில் டோக்கியோவுக்கு வேலை தேடிப் போனார். கார் பழுது பார்க்கும் ஒரு பட்டறையில் சேர்ந்தார். வேலை என்ன தெரியுமா? முதலாளியின் குழந்தையை முதுகில் சுமந்து தாலாட்டுவதும், தரையைப் பெருக்குவதும்தான். மாதக்கணக்கில் இதுவே நடந்தது. ஊருக்குத் திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தார். தந்தையின் முகத்தில் எப்படி விழிப்பது என்று பொறுத்துக்கொண்டார். ஒரு நாள் வேலை அதிகமாக இருந்தபோது முதலாளி கூப்பிட்டு ஸ்பேனரைக் கையில் கொடுத்தார்.

பிழைப்புக்காகச் சொந்த ஊரை விட்டு வந்து, முதல் வருடம் எடுபிடி வேலை பார்த்த நம்மவர்கள் எத்தனையோ பேர். அவர்களுக்கு இந்தக் கட்டத்தை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

ஆறு வருடத்தில் தொழிலைக் கரைத்துக் குடித்தார். 1928-ல் அதே முதலாளி பெயரில் ஹமமட்சுவில் கிளைப் பட்டறை திறந்தார். வருமானம் பெருகியது. கார் பந்தயத்தில் இறங்கினார். 1936-ல் நடந்த பந்தயத்தில் இவர் ஓட்டிய கார் இன்னொரு காரில் மோதித் தூக்கி எறியப்பட்டது. பலத்த காயத்துடன் உயிர் தப்பினார்.

மூன்று வளையங்கள்

பிறகு பிஸ்டன் ரிங் தயாரிக்கும் தொழிலில் இறங்கினார். டொயோட்டா கம்பெனிக்கு 50 ரிங்குகள் கொடுத்தார். சோதனையில் தேறியவை 3 மட்டுமே! கைத்திறன் இருந்தால் போதும் என்று எண்ணியிருந்தவருக்கு இது பெரிய அடி. உலோகம் பற்றிப் படிக்காததே குறை என்று உணர்ந்தார். 30 வயதுக்கு மேல், தன்னைவிட மிகவும் இளையவர்களோடு தொழிற்பள்ளியில் உட்கார்ந்தார். வேண்டிய பாடத்தை மட்டும் கேட்டார். பரீட்சை எழுதவில்லை. சான்றிதழ் கிடைக்கவில்லை. ஆனால் ரிங் தேறியது.

யுத்தம் வந்தது. அமெரிக்கக் குண்டுகளும், 1945 ஜனவரியில் வந்த பூகம்பமும் தொழிற்சாலைகளை நாசமாக்கின. மிஞ்சியதை டொயோட்டாவுக்கு 4 லட்சத்து 50 ஆயிரம் யென்னுக்கு விற்றுவிட்டு, ஒரு வருடம் எந்த வேலையும் செய்யாமல் இருந்தார்.

சைக்கிளில் என்ஜின்

தோற்றுப்போன ஜப்பானில் அரிசிக்கும் பஞ்சம், பஸ்சுக்கும் பஞ்சம். ஹோண்டாவின் மனைவி சாச்சி உணவுப்பொருள் வாங்க நெடுந்தூரம் சைக்கிள் மிதித்தார். ராணுவத்தார் கழித்துப்போட்ட சிறு என்ஜின்கள் ஹோண்டாவின் கண்ணில் பட்டன. வயர்லெஸ் கருவிக்கு மின்சாரம் தர உதவியவை அவை. அதில் ஒன்றைச் சைக்கிளில் பொருத்தினார். பெட்ரோல் டாங்கிக்கு என்ன செய்வது? வீட்டில் இருந்த வெந்நீர்க் குடுவையை மாட்டினார்! ஓட்டிப் பார்க்கும் வேலையை மனைவியிடம் கொடுத்தார்.

1946-ல் இந்தத் தொழில் தொடங்கியது. சுமார் 500 என்ஜின்களும் விற்றுத் தீர்ந்தன. 1948 செப்டம்பரில் 34 தொழிலாளர்களுடன் ஹோண்டா மோட்டார் கம்பெனி உதயமாயிற்று. மறுவருடம் தக்கியோ புஜிசாவா என்பவர் கூட்டாளியாக வந்தார். என்ஜின் ஹோண்டாவின் பொறுப்பு, பணமும் விற்பனையும் புஜிசாவாவின் பொறுப்பு என்று பாகம் பிரித்துக்கொண்டார்கள். ஒருவர் பகுதியில் மற்றவர் தலையிடவில்லை.

மலை ஏறிய வண்டி

அக்கால ஜப்பானிய வண்டிகளில் பெரும்பாலானவை இரண்டு ஸ்ட்ரோக் என்ஜின்கள். சத்தமும் புகையும் அதிகம். 1951-ல் ஹோண்டா நாலு ஸ்ட்ரோக் வண்டி ஒன்றைத் தயாரித்தார். அதைச் சோதிக்க ஹக்கோனே மலைப்பாதையைத் தேர்ந்தெடுத்தார். அந்தக் காலத்தில் கார்களே மூச்சு வாங்கும் மலை அது. திருமலைக்கு மலைப்பாதையில் வண்டி ஓட்டிப் போனவர்களுக்கு, ஏற்றத்தில்தான் என்ஜினின் குணம் தெரியும் என்பது தெரிந்திருக்கும்.

அன்று கொட்டும் மழை. கவாஷிமா என்ற இளம் என்ஜினீயர் வண்டியை ஓட்டினார். ஹோண்டாவும் புஜிசாவாவும் காரில் பின்தொடர்ந்தார்கள். கார் பின்தங்கியது. மோட்டார் சைக்கிள் நிற்காமல் மேலே போய்க் காத்திருந்தது. மழையில் நனைந்தபடி முதலாளிகளும் தொழிலாளியும் கைகோத்து நின்றார்கள்.

1952-ல் சைக்கிளில் பொருத்தும் புதிய என்ஜின் ஒன்று தயாரானது. அதை விற்க புஜிசாவா ஒரு தந்திரம் செய்தார். நாடெங்கும் உள்ள சுமார் 50 ஆயிரம் சைக்கிள் கடைகளுக்குக் கடிதம் எழுதினார். ஆயிரக்கணக்கான கடைக்காரர்கள் முன்பணம் அனுப்பினார்கள். ஒவ்வொரு சின்ன ஊரிலும் ஹோண்டாவை விற்கவும் பழுது பார்க்கவும் ஆள் கிடைத்தார்கள். ஒரு வண்டியின் மேல் ஜனங்களுக்கு ஏற்படும் பற்றுதல் விளம்பரத்தில் பிறப்பது அல்ல. நடுவழியில் வண்டி நின்றால் தட்டி எழுப்ப ஒரு மெக்கானிக் பக்கத்தில் இருக்கிறாரா என்பதில்தான் பிறக்கிறது.

உள்ளூர் எதிரி

1955-ல் யமஹா இசைக்கருவிக் கம்பெனியும் மோட்டார் சைக்கிளில் இறங்கியது. அந்த வருடம் ஜூலையில் நடந்த புஜி மலை ஏறும் பந்தயத்தில் 125 சி.சி. பிரிவில் யமஹாவே முதலில் வந்தது. அதே ஊரில் இருந்து நேற்று முளைத்த கம்பெனியிடம் ஹோண்டா தோற்றுப்போனார்!

அவர் சோர்ந்துவிடவில்லை. பிரிட்டனை அடுத்த மேன் தீவில் நடக்கும் உலகப் புகழ்பெற்ற பந்தயத்தில் ஜெயிக்கப் போவதாக 1954-லேயே அறிவித்திருந்தார். அப்போது கம்பெனி கடனில் தத்தளித்துக் கொண்டிருந்தது. பலர் சிரித்தார்கள். 1959-ல் முதன்முறையாகப் போய், குழுப் பரிசுடன் திரும்பினார்கள். 1961-ல் 125 சி.சி., 250 சி.சி. இரண்டு பிரிவிலும் முதல் ஐந்து இடங்களையும் ஹோண்டா வண்டிகளே பிடித்தன. 1964-ல் 250 சி.சி. உலகப் பட்டத்தை யமஹா தட்டிச் சென்றது. 1966-ல் ஐந்து பிரிவுகளிலும் கம்பெனிகளுக்கான உலகப் பட்டத்தை ஹோண்டா வென்றது. ஒருவரை ஒருவர் சாணை பிடித்துக்கொண்டதில் இரண்டு கத்திகளும் கூர்மையாயின.

பந்தய வண்டிகளால் பெயர் கிடைத்தது. சோறு போட்டது வேறு வண்டி. 1958-ல் வந்த சூப்பர் கப் அது. சாப்பாடு கொண்டுபோகும் கடைப் பையன் ஒரு கையில் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஓட்டும்படி கிளட்ச் பிடி இல்லாமல் அமைத்தார்கள். 2017-ம் ஆண்டுக்குள் இந்த வகை வண்டிகள் 10 கோடிக்கு மேல் தயாராகிவிட்டன.

விலகும் வேளை

ஹோண்டாவிடம் குறை இல்லாமல் இல்லை. முன்கோபி. பட்டறையில் கை நீட்டியதும் உண்டு. தன் கருத்தே சரி என்று பிடிவாதம் பிடிப்பார். கார் என்ஜினைக் காற்றால் குளிர்விப்பதே மேல் என்று அடம்பிடித்தார். தண்ணீரால் குளிர்விக்க வேண்டும் என்று இளம் என்ஜினீயர்கள் மன்றாடினார்கள். கம்பெனித் தலைவராக இருக்கப் போகிறாரா, என்ஜினீயராக இருக்கப் போகிறாரா என்று புஜிசாவா கேட்ட பிறகே இறங்கி வந்தார்.

அந்த இளைஞர்கள் புகை குறைந்த கார் என்ஜின் ஒன்றைச் செய்து 1972-ல் உலகையே திரும்பிப் பார்க்க வைத்தார்கள். பெரிய கம்பெனிகளை முந்த இதோ வாய்ப்பு என்று ஹோண்டா மகிழ்ந்தார். தாங்கள் உழைத்தது கம்பெனியை முந்த வைக்க அல்ல, ஜனங்கள் நல்ல காற்றைச் சுவாசிக்கத்தான் என்று இளைஞர்கள் தெரிவித்தார்கள். போட்டியையே நினைத்து வாழ்ந்த தனக்கு விலகும் வேளை வந்துவிட்டது என்று அவர் புரிந்துகொண்டார்.

1973-ல் ஹோண்டாவும் புஜிசாவாவும் ஒன்றாகப் பதவி விலகினார்கள். தங்கள் பிள்ளைகளைக் கம்பெனிக்குள் கொண்டுவருவதில்லை என்பது இருவரின் ஒப்பந்தம். அன்று மழையில் ஹக்கோனே மலை ஏறிய கவாஷிமா தலைவர் ஆனார்.

பெயருக்காக ஒரு சண்டை

1981-ல் ஹோண்டாவை முந்திக் காட்டுவதாக யமஹா சூளுரைத்தது. ஹோண்டா கம்பெனி விலையைக் குறைத்தது. ஒன்றரை வருடத்தில் நூற்றுக்கு மேற்பட்ட மாடல்களை இறக்கியது. யமஹாவின் கிடங்குகளில் விற்காத வண்டிகள் குவிந்தன. 1983-ல் யமஹா தோல்வியை ஒப்புக்கொண்டது. நஷ்டத்தில் ஆட்குறைப்பும் நடந்தது. நல்ல வண்டி செய்யும் போட்டியில் இரு தரப்பும் வளர்ந்தன. முதலிடம் யாருக்கு என்ற போட்டியில் அடி வாங்கியவர்கள் தொழிலாளர்கள்.

நம் நாட்டில் 1984-ல் ஹீரோவும் ஹோண்டாவும் கைகோத்தன. 2010 டிசம்பரில் பிரிவதாக அறிவித்தன. ஒரே பெயராக ஜனங்கள் சொல்லிவந்த இரண்டும் போட்டிக் கம்பெனிகள் ஆயின. ஹீரோ கம்பெனி 2018-ல் சத்தியவேடு அருகே மாதனபாளையத்தில் தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டியது. அன்று சித்தூர் மாவட்டமாக இருந்த அந்தப் பகுதி 2022 முதல் திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. முதலாளிகளே இப்படிச் சேர்ந்தும் பிரிந்தும் போகும்போது, வண்டிப் பெயருக்காக நண்பர்கள் மனஸ்தாபம் கொள்வதில் அர்த்தம் இல்லை.

மறைவு

பதவி விலகிய பிறகு ஹோண்டா சும்மா இருக்கவில்லை. நாடெங்கும் உள்ள தம் கம்பெனிக் கடைகளுக்கும் பட்டறைகளுக்கும் நேரில் போனார். தொழிலாளர்களின் கையைப் பிடித்து நன்றி சொன்னார். ஒரு தொழிலாளி, கையில் கிரீஸ் இருக்கிறதே என்று தயங்கிக் கையைப் பின்னுக்கு இழுத்தார். ஹோண்டா அந்தக் கையைப் பற்றிக் குலுக்கினார்.

1991-ம் ஆண்டு ஆகஸ்டு 5-ந்தேதி டோக்கியோவில் காலமானார். அப்போது அவருக்கு வயது 84. வண்டி செய்து பிழைத்த தன்னால் சாலையில் போக்குவரத்து நெரிசல் ஏற்படக்கூடாது என்பது அவருடைய விருப்பம். ஆகவே கம்பெனி சார்பில் பெரிய இறுதிச்சடங்கு நடக்கவில்லை. அதற்குப் பதில், வந்தவர்களுக்கு நன்றி தெரிவிக்கும் கூட்டம் மட்டும் நடந்தது.