சிறைப்பட்டோருக்குத் துணை நின்ற ஜார்ஜ் ஜோசப்

இராஜபாளையத்திலிருந்து திருவில்லிபுத்தூர் அதிகத் தொலைவில் இல்லை. விருதுநகர் மாவட்டத்தின் முதன்மை நீதிமன்றம் திருவில்லிபுத்தூரில்தான் இருக்கிறது. கையில் ஒரு துணிப்பையோடு, மகனையோ கணவனையோ காவலர்கள் எப்போது அழைத்து வருவார்கள் என்று நீதிமன்ற வாசலில் காத்திருக்கும் பெண்களை நம்மில் பலர் பார்த்திருப்போம். அவர்கள் மனத்தில் இருக்கும் கேள்வி ஒன்றுதான்: நமக்காகப் பேச யார் வருவார்?

ஏறக்குறைய 90 ஆண்டுகளுக்கு முன் விருதுநகரில் ஒரு தாய் இதே கேள்வியோடு தவித்தார். அவர் பெயர் சிவகாமி அம்மாள். 1933-ஆம் ஆண்டு விருதுநகர் அஞ்சல் நிலையத்திலும் திருவில்லிபுத்தூர் காவல் நிலையத்திலும் வெடிகுண்டு வைத்த சதியில் பங்கு உண்டு என்று சொல்லி, அவருடைய மகன் மீது வழக்குப் போடப்பட்டது. அந்த மகன்தான் பின்னாளில் தமிழகத்தின் முதலமைச்சரான காமராசர். நிரூபிக்கப்பட்டிருந்தால் அவருடைய பொதுவாழ்வு அன்றே முடிந்திருக்கும். அவருக்காக வாதாட முன்வந்தவர்கள் இருவர். ஒருவர் டாக்டர் வரதராஜுலு நாயுடு. மற்றவர் மதுரை வழக்கறிஞர் ஜார்ஜ் ஜோசப். குற்றச்சாட்டு ஆதாரமற்றது என்று காட்டப்பட்டு, காமராசர் விடுவிக்கப்பட்டார்.

யார் இந்த ஜார்ஜ் ஜோசப்? நம் பகுதிக் கிறிஸ்தவர்களே மறந்துவிட்ட இந்த மனிதரைக் குறித்து இன்று சிறிது சிந்திப்போம்.

இவர் 1887-ஆம் ஆண்டு ஜூன் 5-ஆம் நாள் கேரளத்தின் செங்கன்னூரில், சிரியன் கிறிஸ்தவக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். சென்னையிலும் எடின்பரோவிலும் பயின்றபின், இலண்டனில் சட்டம் படித்து பாரிஸ்டர் ஆனார். 1909-இல் நாடு திரும்பி, பின்னர் மதுரையில் வழக்கறிஞராகத் தொழில் செய்தார். பெயரும் வருமானமும் பெருகின. வசதியாக வாழ்ந்திருக்கலாம். ஆனால் அவர் அந்த வழியில் செல்லவில்லை.

அது முதல் உலகப்போர்க் காலம். போரைக் காரணம் காட்டி, ஆங்கில அரசு பலரையும் விசாரணை இன்றியே அடைத்துவைத்தது. 1917 ஜூன் மாதம் அன்னி பெசன்ட் அம்மையாரும் காவலில் வைக்கப்பட்டார். உள்நாட்டில் நியாயம் கிடைக்காதபோது எங்கே போவது? சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து ஓய்வுபெற்ற சர் எஸ். சுப்பிரமணிய ஐயர் மதுரைக்காரர். அவர் துணிந்து அமெரிக்கக் குடியரசுத் தலைவர் வில்சனுக்கு ஒரு கடிதம் எழுதினார். இந்தியாவில் நடக்கும் அடக்குமுறையை எடுத்துச்சொல்லி உதவி கேட்டார். இதற்காக அரசு அவரைக் கடிந்துகொண்டபோது, தாம் பெற்றிருந்த சர் பட்டத்தையே துறந்துவிட்டார். சட்டம் அறிந்தவர் ஒருவர், நாட்டின் எல்லையைத் தாண்டி உலகின் மனச்சான்றை நோக்கி எழுப்பிய குரல் அது.

அதே முயற்சியின் தொடர்ச்சியாகத்தான் ஜார்ஜ் ஜோசப்பும் கப்பல் ஏறினார். சையத் உசேன், பி.வி. நரசிம்மன் ஆகியோருடன் இங்கிலாந்து சென்று, இந்தியர்களின் தன்னாட்சிக் கோரிக்கையை அந்நாட்டு மக்களிடம் எடுத்துரைப்பது திட்டம். ஆனால் 1918 மார்ச் மாதம் ஜிப்ரால்டர் துறைமுகத்திலேயே அவர்கள் தடுத்து நிறுத்தப்பட்டு, இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். முறையிடச் சென்றவர்களுக்கே வாசல் அடைக்கப்பட்டது.

அன்பார்ந்தவர்களே, இந்த இடத்தில் நம்மில் பலர் சோர்ந்துபோவோம். மேலிடத்துக்கு மனு கொடுத்தோம், பதில் இல்லை, இனி என்ன செய்வது என்று வீட்டுக்குத் திரும்பிவிடுவோம். ஜார்ஜ் ஜோசப் மதுரைக்குத் திரும்பினார், ஆனால் ஓய்ந்துவிடவில்லை. தூரத்தில் இருப்பவர்களிடம் எந்த உதவியைக் கேட்கச் சென்றாரோ, அந்த உதவியைத் தம் அருகில் இருந்தவர்களுக்குத் தாமே செய்யத் தொடங்கினார்.

அன்று மதுரையைச் சுற்றி வாழ்ந்த பிரமலைக் கள்ளர் மக்கள்மீது குற்றப் பரம்பரையினர் சட்டம் ஏவப்பட்டிருந்தது. ஒரு சாதியில் பிறந்த காரணத்துக்காகவே ஆண்கள் அனைவரும் கைரேகை பதிக்க வேண்டும். இரவில் காவல்துறையின் கண்காணிப்பில் இருக்க வேண்டும். குற்றம் செய்யாமலே குற்றவாளிகளாக வாழ்ந்தார்கள். இதை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3-ஆம் நாள் துப்பாக்கிச்சூடு நடந்து, பலர் உயிரிழந்தார்கள். இம்மக்களின் வழக்குகளை எடுத்து நடத்தியவர் ஜார்ஜ் ஜோசப். இச்சட்டத்தின் அநீதியைப் பேச்சிலும் எழுத்திலும் எடுத்துக்காட்டினார். அம்மக்கள் அவரை அன்போடு ரோசாப்பூ துரை என்று அழைத்தார்கள். தங்கள் பெண் குழந்தைகளுக்கு ரோசாப்பூ என்று பெயர் வைத்தவர்களும் உண்டு. சென்னை மாகாணத்தில் இச்சட்டம் 1947-இல்தான் நீக்கப்பட்டது. அதைக் காண அவர் உயிரோடு இல்லை.

பிறருடைய சிறைக்காகப் பேசியவர் தாமும் சிறையை அறிந்தார். காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கத்தில் சேர்ந்து, வருமானம் தந்த வழக்கறிஞர் தொழிலை விட்டார். அலகாபாத்தில் மோதிலால் நேருவின் இண்டிபென்டன்ட் நாளிதழுக்கு ஆசிரியரானார். 1921 டிசம்பரில் கைதாகி, இலக்னோ சிறையில் ஜவகர்லால் நேருவோடு அடைக்கப்பட்டார். பின்னர் 1924-இல், கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் ஒடுக்கப்பட்ட மக்கள் நடக்க உரிமை கேட்டு எழுந்த வைக்கம் போராட்டத்திலும் கைதானார். இது இந்துக்களின் காரியம், கிறிஸ்தவர்கள் ஒதுங்கியிருக்கட்டும் என்பது காந்தியடிகளின் கருத்தாக இருந்தது. ஜார்ஜ் ஜோசப் அதை ஏற்கவில்லை. மனித மாண்பு மிதிக்கப்படும்போது அது எந்த மதத்தின் காரியம் என்று பார்க்க அவரால் முடியவில்லை. தலைவர்கள் சிறைப்பட்ட நிலையில், போராட்டத்தை நடத்த வரும்படி ஈரோட்டிலிருந்து பெரியாரை அழைத்தவர்களுள் இவரும் ஒருவர்.

அன்று நம் இராஜபாளையமும் திருவில்லிபுத்தூரும் இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தன. 1937-இல் இராஜபாளையத்தின் பி.எஸ். குமாரசாமி ராஜா திருவில்லிபுத்தூர்த் தொகுதியிலிருந்து சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதே ஆண்டில் மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலிப் பகுதிகளின் சார்பில் ஜார்ஜ் ஜோசப் மத்திய சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆனால் அப்பணி நீடிக்கவில்லை. உடல்நலம் குன்றி, 1938 மார்ச் 5-ஆம் நாள் மதுரை அமெரிக்கன் மிஷன் மருத்துவமனையில் இறந்தார். அப்போது அவருக்கு வயது 50. மதுரை யானைக்கல் பகுதியில் அவருக்குச் சிலை உண்டு.

அவர் மறைந்து 23 ஆண்டுகளுக்குப்பின், 1961-இல், பீட்டர் பெனன்சன் என்ற இலண்டன் வழக்கறிஞர், மறக்கப்பட்ட அரசியல் கைதிகளுக்காகச் செய்தித்தாள் ஒன்றின் வழியே உலகுக்கு வேண்டுகோள் விடுத்தார். அவர் கத்தோலிக்கத் திருச்சபையில் இணைந்தவர். அந்த வேண்டுகோளிலிருந்து பிறந்ததே ஆம்னஸ்டி இன்டர்நேஷனல் அமைப்பு.

ஆனாலும், வேண்டுகோள்கள் எப்போதும் கேட்கப்படுவதில்லை. திருச்சி மாவட்டம் விரகாலூரில் பிறந்த இயேசு சபைக் குரு ஸ்டேன் சுவாமி அவர்களை நாம் மறக்க முடியாது. ஜார்க்கண்டில் பழங்குடி மக்களுக்காக உழைத்த அவர், 2020 அக்டோபரில் கைதானார். ஐக்கிய நாடுகளின் மனித உரிமை வல்லுநர்களும் அவருக்காகக் குரல் கொடுத்தார்கள். பிணை கிடைக்கவில்லை. நடுக்குவாத நோயோடு, விசாரணைக் கைதியாகவே, 2021 ஜூலை 5-ஆம் நாள் 84 வயதில் இறந்தார்.

அப்படியானால் குரல் கொடுப்பது வீணா? இல்லை. உலகைக் கூப்பிட வேண்டிய நேரத்தில் கூப்பிடத்தான் வேண்டும். ஆனால் அத்துடன் நம் கடமை முடிந்துவிடுவதில்லை. ஜிப்ரால்டரில் தடுக்கப்பட்டவர் மதுரையிலும் விருதுநகரிலும் நமக்குக் காட்டிய பாடம் இதுதான்.

நமது அரசியல் சட்டத்தின் 22-ஆம் பிரிவு, கைதான ஒவ்வொருவருக்கும் தாம் விரும்பும் வழக்கறிஞரை நாடும் உரிமையைத் தருகிறது. 1987-இன் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி, காவலில் இருக்கும் எவருக்கும் இலவச சட்ட உதவி பெறத் தகுதி உண்டு. 15100 என்ற தொலைபேசி எண்ணில் உதவி கேட்கலாம். இது தெரியாமல் நிலத்தையும் நகையையும் விற்றுவிட்டு நிற்கும் குடும்பங்கள் நம் பங்குகளிலும் இருக்கலாம். பிள்ளை சிறையில் இருக்கிறான் என்ற வெட்கத்தால், கோவிலுக்கு வருவதையே நிறுத்திவிட்ட தாய் நம் தெருவிலும் இருக்கலாம்.

சிறையில் இருந்தவரைப் பார்க்க வந்தீர்களா என்று இறுதி நாளில் ஆண்டவர் கேட்பார் என்பது நாம் சிறுவயது முதல் கேட்டுவரும் நற்செய்தி. அங்கே அந்தக் கைதி குற்றவாளியா நிரபராதியா என்ற கேள்வியே எழவில்லை. இந்த வாரம் அந்தத் தாயின் வீட்டுக்கதவைத் தட்டுவோம். சட்டம் படித்தவர்கள் நம்மிடையே இருந்தால், அவர்களையும் உடன் அழைத்துச் செல்வோம்.