பொய்கையில் யோகன்னான்: கல்லறை வாசலில் நின்றுபோன சமத்துவம்

ஒடுக்கப்பட்ட மக்கள் தமது வலிமையை எங்கிருந்து பெறுவது? கடவுள்மீதான விசுவாசத்திலிருந்தா, தம் வாழ்வைத் தாமே தீர்மானிக்கும் உரிமையிலிருந்தா? இக்கேள்விக்குத் தம் வாழ்வையே விடையாக வைத்துச் சென்றவர், மக்களால் அப்பச்சன் என்று அன்புடன் அழைக்கப்பட்ட பொய்கையில் யோகன்னான்.

1879ஆம் ஆண்டு பிப்ரவரி 17 அன்று, திருவிதாங்கூரில் திருவல்லாவை அடுத்த இரவிபேரூரில், பறையர் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். குமரன் என்பது இயற்பெயர். 1855ஆம் ஆண்டு அரசாணை அடிமைமுறையை ஒழித்துக் கால் நூற்றாண்டு ஆகியிருந்தது. ஆயினும் அவருடைய குடும்பம் சங்கரமங்கலம் என்னும் சிரியன் கிறித்தவக் குடும்பத்தின் பண்ணையடிமையாகவே உழைத்து வந்தது. சட்டம் விடுவித்த மனிதரை நிலவுடைமை விடவில்லை.

இளம் வயதிலேயே எழுத்தறிவு பெற்று, விவிலியத்தை ஆழ்ந்து கற்ற அவர், மார்த்தோமா சபையில் இணைந்து யோகன்னான் ஆனார். பாடல்கள் இயற்றினார், போதகராகப் பெயர் பெற்றார். அக்காலத்தில் கிறித்தவம் அடிமை மக்களுக்கு அளித்ததை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. எழுத்து மறுக்கப்பட்டவர்களின் கையில் அது ஒரு நூலைக் கொடுத்தது. மாட்டோடு மாடாக விற்கப்பட்டவர்களுக்கும் ஆன்மா உண்டென்று சொன்னது. கூடிப் பேச ஓர் இடத்தையும் தந்தது. இவையெல்லாம் மெய்யான வலிமைகளே.

ஆனால் அந்த வலிமையின் சாவி வேறொருவர் கையில் இருந்தது. பழைய அடிமைகளுக்குத் தனி ஆலயம், தனி வழிபாடு என்பதே வழக்கம். சபையின் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்ட தலித் ஒருவரின் உடல் தோண்டியெடுக்கப்பட்ட நிகழ்வுக்குப் பின் யோகன்னான் மார்த்தோமா சபையை விட்டு வெளியேறினார். பின்னர் பிரதரன் சபையில் சேர்ந்தார். சாதி அங்கும் அவருக்கு முன்பே சென்று அமர்ந்திருந்தது. நித்திய வாழ்வில் சமத்துவம் உறுதியளிக்கப்பட்டவர்களுக்கு ஆறடி நிலத்தில் அது மறுக்கப்பட்டது.

1906ஆம் ஆண்டு வாகத்தானத்தில் நடந்த கூட்டமொன்றில் அவர் விவிலியத்தை எரித்தார். இதனை வெறும் சினத்தின் செயலாக நாம் வாசிக்கக் கூடாது. விவிலியத்தில் ரோமருக்கும் கொரிந்தியருக்கும் எழுதப்பட்ட நிருபங்கள் உள்ளன. திருவிதாங்கூரின் அடிமைகளுக்கென ஒன்றும் இல்லை என்பது அவர் முன்வைத்த வாதம். பிறர் வரலாற்றுக்குள் தம் மக்களின் மீட்பைத் தேடுவது வீண் என்று அவர் கண்டார். கடவுளை அவர் கைவிடவில்லை. கடவுளோடு பேசத் தொடங்கும் இடத்தை மாற்றினார்.

1909இல் அவர் தொடங்கிய பிரத்யட்ச ரட்சா தெய்வ சபையின் பெயரே இம்மாற்றத்தை அறிவிக்கிறது: மரணத்திற்குப் பின் வரும் மீட்பன்று, கண்ணெதிரே காணும் மீட்பு. அச்சபையின் கூட்டங்களில் அடிமை வரலாறே வேதமாயிற்று. தாய் ஒரு திசையிலும் தந்தை ஒரு திசையிலும் விற்கப்பட, அநாதைகளாய் நின்ற பிள்ளைகளின் கதையும், எருமையோடு ஏரில் பூட்டப்பட்ட மனிதரின் கதையும் அங்கே சொல்லப்பட்டன. கேட்டவர்கள் கதறி அழுதனர். புலையர், பறையர், குறவர் ஆகியோர் ஒரே அநாதைத் தாயின் பிள்ளைகளாகத் தம்மை உணர்ந்து ஒன்றுகூடினர். கூட்டங்கள் தாக்கப்பட்டபோதும் அவர் பின்வாங்கவில்லை.

அந்தக் கண்ணீர் கண்ணீராகவே நின்றுவிடவில்லை. சபை நிலம் வாங்கியது; பள்ளிகள் நிறுவியது. 1921இலும் 1931இலும் ஸ்ரீமூலம் பிரஜா சபையின் நியமன உறுப்பினராக அமர்ந்த யோகன்னான், தம் மக்களுக்கு நிலமும் கல்வியும் வேண்டுமென அரசிடம் வாதாடினார். 1939ஆம் ஆண்டு ஜூன் 29 அன்று அவர் மறைந்தார்.

அவரையே அவருடைய மக்கள் தெய்வமாக வழிபடுகின்றனர். ஆகவே இதுவும் இன்னொரு விசுவாசம்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. இந்த விசுவாசத்தின் நிலமும் பள்ளியும் கல்லறையும் அம்மக்களின் பொறுப்பில் உள்ளன. யாரை வழிபடுவது என்பதையும் அவர்களே தீர்மானித்தனர்.

சட்டம் பயின்ற நமக்கு இவ்வாழ்க்கை இன்னொன்றையும் உணர்த்துகிறது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் உரியதாக்கியது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். தலித் கிறித்தவர்கள் இன்றும் வெளியே நிற்கின்றனர். மதம் மாறினால் சாதி மறைந்துவிடும் என்பது அந்த ஆணையின் அனுமானம். யோகன்னானின் வாழ்வும், திருச்சி மேலப்புதூர்க் கல்லறையைச் சாதிவாரியாகப் பிரித்த சுவரும் அதைப் பொய்யாக்குகின்றன. திருச்சபையும் அரசும் இவ்வாறு ஒரே மனிதரை இரு வாசல்களில் திருப்பி அனுப்புகின்றன.

விசுவாசத்தைக் கைவிடுமாறு எவரையும் நாம் கோரவில்லை. சபைக்குள்ளிருந்தே போராடும் தோழர்களின் உறுதி பெரிது. எந்தச் சபையாயினும், எந்த இயக்கமாயினும், அங்கே நிலம் யார் பெயரில் இருக்கிறது, பள்ளியில் இடம் வழங்குவது யார், இறந்தவரை எங்கே புதைப்பது என்று முடிவுசெய்வது யார் எனக் கேட்கும் உரிமையை மட்டும் எவரிடமும் ஒப்படைத்துவிடக் கூடாது. ஜெபம் முடிந்து எழுந்தபின் யோகன்னான் கேட்டவை இக்கேள்விகளே.