அவர் வெறுத்த சுற்றுலா

அமெரிக்காவில் 1932-இல் பிறந்த டயான் ஃபாசி, 1967-இல் ருவாண்டாவின் விருங்கா மலைக்காட்டில் கரிசோகே ஆய்வு நிலையத்தை நிறுவினார். கொரில்லாக்களைப் போலவே இலை மென்று, குரலெழுப்பி, அவற்றின் அச்சத்தைப் போக்கினார். அவர் நேசித்த டிஜிட் என்னும் கொரில்லா 1977 இறுதியில் வேட்டையாடிகளால் கொல்லப்பட்டது. அதன்பின் ஆய்வைவிடக் காவலே அவரது முதற்பணியாயிற்று. சுற்றுலாவையும் அவர் வெறுத்தார். 1985 டிசம்பரில் தம் குடிலில் கொலையுண்டு, டிஜிட்டின் அருகே அடக்கமானார்.

மனிதரிடம் பழகிய கொரில்லாக் குடும்பங்களை இன்று உள்ளூர்த் தடமறிவோர் நாள்தோறும் பின்தொடர்கின்றனர். பயணிகள் ஒரு மணி நேரமே காணலாம். கட்டணம் 1,500 டாலர். பூங்கா வருவாயில் 10 விழுக்காடு சுற்றுப்புற மக்களுக்குச் செல்கிறது. 1981-இல் விருங்காவில் ஏறத்தாழ 250 ஆக இருந்த கொரில்லாக்கள் 600-ஐக் கடந்துவிட்டன. கண்ணிகளை அறுத்தெறிந்த அவரது துணிவும், அவர் ஏற்காத சுற்றுலாவும் சேர்ந்தே அவற்றைக் காத்தன. காட்டோர மக்களின் வயிற்றை மறந்த பாதுகாப்பு நிலைக்காது.