குஞ்சாலி மரைக்காயர்: உயிருக்கு உத்தரவாதம் வாங்கிக்கொண்டு கோட்டையை விட்டு வந்தவர்

உக்ரைன் மீது ரஷ்யா 2022 பிப்ரவரியில் படையெடுத்த நாளிலிருந்து நம் வீடுகளிலும் ஒரு விவாதம் ஓய்ந்தபாடில்லை. இஷா தொழுதுவிட்டுப் பள்ளிவாசல் திண்ணையில் உட்காரும் பெரியவர்களும் கைப்பேசியில் செய்தி பார்க்கும் பிள்ளைகளும் அதையேதான் கேட்கிறார்கள். படையெடுத்து வந்தவனோடு உட்கார்ந்து பேசினால் போர் நிற்குமா? எத்தனை நாள்தான் பிள்ளைகளைச் சாகக் கொடுப்பது, பேசித்தான் தீர வேண்டும் என்கிறார்கள் சிலர். பேச்சு என்பது வந்தவன் மூச்சு வாங்கிக்கொள்ளும் நேரம் என்கிறார்கள் வேறு சிலர்.

இந்தக் கேள்வி நம் முத்துக்குளித்துறைக்குப் புதிதல்ல. தூத்துக்குடி, புன்னைக்காயல், காயல்பட்டினம், கீழக்கரை, வேதாளை என்று நீளும் இந்தக் கரை, 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியப் படையெடுப்பையும் பார்த்தது, அதையொட்டி எழுதப்பட்ட சமாதான உடன்படிக்கைகள் என்ன ஆயின என்பதையும் பார்த்தது. அந்த நூற்றாண்டின் கடைசிப் பக்கத்தில் நிற்பவர் நான்காம் குஞ்சாலி மரைக்காயர். மோகன்லால் நடித்த படம் 2021இல் வந்தபிறகு பெயர் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவர் எப்படிப் பிடிபட்டார் என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது. அவர் போர்க்களத்தில் வீழ்த்தப்படவில்லை. சமாதானம் பேசி, உயிருக்கு உத்தரவாதம் வாங்கிக்கொண்டு, தானாகக் கோட்டைக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தவர்.

குஞ்சாலி என்பது ஒருவரின் பெயரல்ல. கோழிக்கோட்டை ஆண்ட சாமூதிரி மன்னர்கள் தங்கள் கடற்படைத் தலைவர்களுக்குக் கொடுத்த பட்டம். நான்கு பேர் அடுத்தடுத்து அந்தப் பட்டத்தைத் தாங்கினார்கள். மரைக்காயர் என்ற குடும்பப் பெயரோ மலபாரிலும் நம் கரையிலும் ஒரேபோல வழங்குவது. கொச்சியில் இருந்த மரைக்காயர்கள் சோழமண்டலக் கரையிலிருந்து அரிசி கொண்டுவந்து விற்ற வணிகர்கள். இதில் பலர் மறந்துவிடும் செய்தி ஒன்று உண்டு. போர்ச்சுகீசியர் வந்த புதிதில் இந்த மரைக்காயர்கள் அவர்களோடு சண்டைக்குப் போகவில்லை, வியாபாரம்தான் செய்தார்கள். மிளகும் அரிசியும் விற்றார்கள். சேர்ந்து வாழ முடியுமா என்று முதலில் பார்த்தவர்கள் அவர்கள்.

அது முடியாமல் போனதற்குக் காரணம், வந்தவர்கள் வியாபாரத்தில் பங்கு கேட்கவில்லை, கடலையே கேட்டார்கள். 1498இல் முதன்முறை வந்த வாஸ்கோ ட காமா, 1502இல் மறுபடி வந்தபோது ஹஜ்ஜை முடித்துத் திரும்பிய பயணிகள் நிறைந்த கப்பலைக் கொள்ளையிட்டு, ஆண்கள் பெண்கள் குழந்தைகளோடு தீ வைத்தார். பிறகு கர்த்தாஸ் என்ற அனுமதிச் சீட்டு வந்தது. நம் கடலில் நம் கப்பல் போக அவர்களிடம் சீட்டு வாங்க வேண்டும், இல்லாவிட்டால் சரக்கும் கப்பலும் அவர்களுக்கு. சாமூதிரி பலமுறை அவர்களோடு உடன்படிக்கை செய்தார். 1513இல் ஒன்று, 1540இல் ஒன்று. 1540 உடன்படிக்கைக்குப் பிறகு சில ஆண்டுகள் உண்மையிலேயே அமைதி இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் அந்த அமைதியிலும் சீட்டு வாங்கித்தான் கப்பல் போயிற்று. பொன்னானியின் மார்க்க அறிஞர் ஷைகு ஜைனுத்தீன் மக்தூம் அவர்கள் துஹ்ஃபத்துல் முஜாஹிதீன் என்ற அரபு நூலில் 1583 வரை நடந்தவற்றை வரிசையாக எழுதி வைத்தார்கள். உடன்படிக்கை, மீறல், போர், மறுபடி உடன்படிக்கை என்று அந்த வரலாறு சுற்றிச் சுற்றி வருகிறது.

நம் கரைக்கு வருவோம். இங்கே முத்துக்குளிப்பில் பரவர் மக்களுக்கும் முஸ்லிம் வணிகர்களுக்கும் இடையே பகை முற்றியது. அதில் தவறு ஒரு பக்கம் மட்டும் இருந்ததாக நாம் சொல்லிக்கொள்ளக் கூடாது. கடலில் மூழ்கி உயிரைப் பணயம் வைத்தவர்கள் பரவர்கள், லாபம் பெரும்பாலும் கரையில் இருந்தவர்களுக்குப் போயிற்று. அவர்கள் பாதுகாப்புத் தேடி 1530களின் நடுவில் போர்ச்சுகீசியரிடம் போனார்கள், கிறிஸ்தவத்தையும் ஏற்றார்கள். அண்டை வீட்டாரோடு நாம் பேசித் தீர்க்காத வழக்கு, அந்நியக் கப்பலுக்குத் துறைமுகம் திறந்துவிட்டது.

1538 தொடக்கத்தில் மண்டபத்துக்கு அருகிலுள்ள வேதாளையில் பெரும் மோதல் நடந்தது. பட்டு மரைக்காயர், அவரோடு ஒரு குஞ்சாலி, அலி இப்ராஹிம் மரைக்காயர் ஆகியோர் தலைமையில் வந்த படகுப் படையை மார்ட்டின் அபோன்சோ டி சோசா தாக்கி முறியடித்தார். மரைக்காயர்கள் உண்மையில் போய்க்கொண்டிருந்தது இலங்கைக்கு. சீதாவக்கை மன்னன் மாயாதுன்னை, கோட்டை அரசை ஆண்ட தன் அண்ணனுக்கும் அவருக்குத் துணைநின்ற போர்ச்சுகீசியருக்கும் எதிராக உதவி கேட்டிருந்தான்.

தோற்ற பிறகும் பட்டு மரைக்காயரும் குஞ்சாலியும் இலங்கைக்குப் போனார்கள். 1539இல் மிகேல் ஃபெரேரா என்ற தளபதியின் படை வந்து நெருக்கியது. மாயாதுன்னை சமாதானம் கேட்டான். அந்த மரைக்காயர் தளபதிகளைக் கொடுத்தால் சமாதானம் என்று நிபந்தனை வந்தது. தனக்கு உதவ வந்தவர்களைக் கொன்று தலைகளை அனுப்பி வைத்தான் அவன். சமாதானமும் கிடைத்தது. பிற்காலத்தில் அதே மாயாதுன்னை போர்ச்சுகீசியரோடு பல்லாண்டு போரிட வேண்டியிருந்தது என்பது வேறு கதை.

நம் கரையிலும் போர் அதோடு நிற்கவில்லை. 1553இல் புன்னைக்காயலில் இருந்த போர்ச்சுகீசியர் தோற்றுச் சிறைப்பட்டார்கள். சிறைப்பட்டவர்களில் ஒருவர், பின்னாளில் 1578இல் கொல்லத்தில் தமிழ் நூலை அச்சில் ஏற்றிய அண்டிரிக் அடிகளார். அவர் விடுவிக்கப்பட்டு நெடுங்காலம் வாழ்ந்தார்.

இனி நான்காம் குஞ்சாலி. இயற்பெயர் முகம்மது. மூன்றாம் குஞ்சாலியின் மருமகன். மாமன் சாமூதிரிக்குத் துணைநின்று 1571இல் சாலியம் கோட்டையைப் போர்ச்சுகீசியரிடமிருந்து மீட்டவர். அந்த நன்றிக்காக சாமூதிரி, வடகரைக்கு அருகே ஆற்று முகத்தில் கோட்டை கட்ட அவருக்கு அனுமதி கொடுத்தார். கோட்டக்கல் என்று இன்று வழங்கும் இடம் அது. 1595இல் மாமன் இறந்ததும் கோட்டையும் பட்டமும் மருமகனுக்கு வந்தன. அவர் கோட்டையை இன்னும் பலப்படுத்தினார். அவருடைய கப்பல்கள் போர்ச்சுகீசியரை நிம்மதியாக இருக்கவிடவில்லை. மலாக்காவில் அடிமையாக இருந்த சீனர் ஒருவர் அவரிடம் வந்து சேர்ந்து, சின்னாலி என்ற பெயரில் பெரிய தளபதியாக உயர்ந்தார் என்றால் அந்தக் கோட்டைக்குள் எப்படிப்பட்டவர்கள் இருந்தார்கள் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

சாமூதிரிக்கும் குஞ்சாலிக்கும் இடையே விரிசல் விழுந்தது. குஞ்சாலி தன்னை அரசன் என்று அழைத்துக்கொண்டார், மன்னரின் யானை வாலை வெட்டினார் என்றெல்லாம் சொல்லப்பட்டது. இவை பெரும்பாலும் வென்றவர்கள் எழுதிவைத்த கதைகள். அதற்காகக் குஞ்சாலியிடம் ஆணவமே இல்லை என்று நாம் சாதிக்கப் போவதில்லை. தனிக் கோட்டையும் தனிப் படையும் உள்ளவர் மேல் மன்னருக்குச் சந்தேகம் வருவது இயல்பு. அந்தச் சந்தேகத்தைப் போர்ச்சுகீசியர் பிடித்துக்கொண்டார்கள். பாதிரியார்கள் தூது போனார்கள். ஒரு நூற்றாண்டு தனக்காகக் கடலில் ரத்தம் சிந்திய குடும்பத்தை ஒழிக்க, எதிரியோடு சேர்ந்து படை அனுப்ப சாமூதிரி ஒப்புக்கொண்டார்.

முதல் தாக்குதல் 1599இல். அப்போது கோவாவில் வைஸ்ராயாக இருந்தவர் வாஸ்கோ ட காமாவின் கொள்ளுப்பேரன் பிரான்சிஸ்கோ ட காமா. படையை நடத்தியவர் அவருடைய சகோதரர் லூயிஸ் ட காமா. இரவில் சைகைத் தீ காட்டுவதில் குழப்பம் ஏற்பட்டு, படைகள் ஒன்றுசேராமல் பலர் வெட்டுண்டார்கள், பலர் ஆற்றில் மூழ்கினார்கள். போர்ச்சுகீசியருக்கு அது பெரிய அவமானம்.

அடுத்து ஆண்ட்ரே ஃபுர்டாடோ வந்தார். இவர் நிதானமானவர். சாமூதிரியோடு முதலில் உடன்படிக்கையைப் புதுப்பித்துக்கொண்டார். கடல் வழியைக் கப்பல்கள் அடைத்தன, தரை வழியைச் சாமூதிரியின் நாயர் படை அடைத்தது. அரிசி உள்ளே போகவில்லை. தன் மக்கள் பட்டினியில் வாடுவதைக் கண்ட குஞ்சாலி சமாதானம் பேச முடிவெடுத்தார். போர்ச்சுகீசியரை அவர் நம்பவில்லை. அதனால் சாமூதிரியிடம் சரணடைவதாகச் சொன்னார். தனக்கும் தன்னோடு இருப்பவர்களுக்கும் உயிர்ப் பாதுகாப்பு வேண்டும் என்று கேட்டார், மன்னர் வாக்குக் கொடுத்தார்.

1600 மார்ச்சில் கோட்டைக் கதவு திறந்தது. முதலில் வீரர்கள் வந்தார்கள். கடைசியாக குஞ்சாலி, தலையில் கறுப்புத் துணி போர்த்தி, வாளின் முனையைத் தரை நோக்கிப் பிடித்தபடி வந்து மன்னரிடம் வாளை ஒப்படைத்தார். பக்கத்திலேயே நின்றிருந்த ஃபுர்டாடோ அவரைப் பிடித்துக்கொண்டார். மன்னருக்கும் தளபதிக்கும் இடையே இது முன்பே பேசி முடித்த ஏற்பாடு. வாக்குக் கொடுத்தபோதே அதற்கு மதிப்பில்லை. இதைக் கண்ட நாயர் வீரர்களிடையே கொந்தளிப்பு எழுந்தது என்பதை அந்த மக்களின் மானத்துக்காகக் குறிப்பிட வேண்டும். தங்கள் மன்னரின் சொல் காற்றில் போனதை அவர்களால் பொறுக்க முடியவில்லை.

கோட்டை தரைமட்டமானது. குஞ்சாலியும் சின்னாலியும் மற்றவர்களும் கோவாவுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். சிறையில் பாதிரியார்கள் மதம் மாறும்படி வற்புறுத்தினார்கள், குஞ்சாலி இணங்கவில்லை. பொது இடத்தில் அவர் தலை வெட்டப்பட்டது. உடல் துண்டுகளாக்கப்பட்டு பார்வைக்கு வைக்கப்பட்டது. தலையை உப்பிட்டு, மலபார் முஸ்லிம்கள் பார்க்கட்டும் என்று கண்ணூருக்கு அனுப்பினார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

ஆக, பேச்சுவார்த்தையே கூடாது என்று நாம் முடிவு கட்டிவிடலாமா? ஹுதைபிய்யாவை அறிந்த எவரும் அப்படிச் சொல்ல முடியாது. ஹிஜ்ரி 6இல் நபி (ஸல்) அவர்கள் குறைஷிகளோடு பத்தாண்டுகளுக்குச் சமாதானம் செய்தார்கள். நிபந்தனைகள் ஸஹாபாக்களுக்கே கசந்தன. சங்கிலியோடு தப்பி ஓடிவந்த அபூ ஜந்தல் (ரலி) திருப்பி அனுப்பப்பட்டார். இது கோட்டக்கல்லில் நடந்தது போன்றதுதானே என்று இளைஞர்கள் நம்மிடம் கேட்டிருக்கிறார்கள். இல்லை. அங்கே நிபந்தனை எல்லோர் முன்னிலையிலும் வெளிப்படையாகப் பேசப்பட்டது, அபூ ஜந்தலுக்கு அவர் முகத்துக்கு நேரே காரணம் சொல்லப்பட்டது, பொறுமை கேட்கப்பட்டது. பாதுகாப்புத் தருகிறோம் வா என்று யாரும் அவரை அழைத்துப் பிடித்துக் கொடுக்கவில்லை.

இன்னொன்றும் உண்டு, அதுதான் நமக்கு முக்கியமாகப் படுகிறது. அந்த உடன்படிக்கையில் முஸ்லிம்களோடு சேர்ந்துகொண்ட குலம் குஸாஆ. இரண்டாண்டுகள் முடிவதற்குள் குறைஷிகளின் கூட்டாளிகள் அந்தக் குலத்தைத் தாக்கினார்கள், குறைஷிகளும் துணைபோனார்கள். எங்களுக்கும் குறைஷிகளுக்கும் இடையில்தானே ஒப்பந்தம், உங்கள் வழக்கு வேறு என்று மதீனா சொல்லவில்லை. தோழனைத் தாக்கியது ஒப்பந்தத்தையே முறித்ததாகக் கொள்ளப்பட்டது. ஹிஜ்ரி 8இல் மக்கா திறந்தது.

மாயாதுன்னை செய்ததும் சாமூதிரி செய்ததும் இதற்கு நேர் எதிர். இரண்டு சமாதானத்திலும் விலையாகக் கொடுக்கப்பட்டவர்கள் மேசையில் உட்காரவே இல்லை. அவர்களைப் பற்றிப் பேசப்பட்டது, அவர்களோடு பேசப்படவில்லை. இன்றைய செய்திகளைப் படிக்கும்போதும் நாம் இதைத்தான் தேடிப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறோம். 1994இல் புடாபெஸ்டில் உக்ரைன் தன் மண்ணிலிருந்த அணு ஆயுதங்களை விட்டுக்கொடுக்க ஒப்புக்கொண்டது. அதன் எல்லையை மதிப்பதாக ரஷ்யாவும் அமெரிக்காவும் பிரிட்டனும் கையெழுத்திட்டன. 2014இல் கிரிமியா போயிற்று. கையெழுத்திட்டவனே மீறினால் வந்து நிற்க யார் என்ற கேள்விக்கு அந்தத் தாளில் பதில் இல்லை. கோட்டக்கல்லில் குஞ்சாலி வாங்கிய வாக்கிலும் அதற்குப் பதில் இல்லை.

சாமூதிரிக்கு என்ன கிடைத்தது? நான்கே ஆண்டுகள். 1604 நவம்பரில் டச்சுத் தளபதி ஸ்டீவன் வான் டெர் ஹாகன் கோழிக்கோட்டுக்கு வந்தபோது, போர்ச்சுகீசியரை இந்தக் கடலிலிருந்து விரட்டுவதற்காக அவரோடு உடன்படிக்கை செய்தார் சாமூதிரி. விரட்டக்கூடிய சொந்தக் கடற்படை அப்போது அவரிடம் இல்லை. 1658இல் அதே டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் போர்ச்சுகீசியரிடமிருந்து பிடித்தார்கள். முத்துக்குளிப்பை யார் நடத்துவது என்ற பேச்சு, இந்தமுறை டச்சு மொழியில் தொடங்கியது.

கோட்டக்கல்லில் இன்று குஞ்சாலியின் நினைவு அருங்காட்சியகம் இருக்கிறது. மும்பையில் இந்தியக் கடற்படைத் தளம் ஒன்று அவர் பெயரைத் தாங்குகிறது. நம் பக்கத்தில், ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் போகும் சாலையில் மண்டபத்துக்குச் சற்று முன்னால் வேதாளை வரும். குடும்பத்தோடு அந்த வழி போகிறவர்கள் பிள்ளைகளுக்குக் கடல் பக்கம் காட்டி, பட்டு மரைக்காயரின் படகுப் படை முறிந்த இடம் இந்தக் கரைதான் என்று சொல்லலாம்.